எத்தனை கணக்கேடு வேண்டும் என்பதைப் பணத்தின் உரிமை தீர்மானிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதுவது பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது குறிப்புகள் வருகின்றன. தினமும் எழுதுங்கள், மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. எழுதத் தொடங்கியவர்கள் சில மாதங்களில் போய் முட்டிக்கொள்ளும் இடம் வேறு. வீட்டுக் கணக்கு ஒன்று, சொந்தத் தொழிலின் கணக்கு ஒன்று, பொருளாளராக இருக்கும் சங்கத்தின் கணக்கு ஒன்று, வயதான பெற்றோருக்காகப் பார்த்துக்கொள்ளும் பணம் ஒன்று. இவை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கலாமா, தனித்தனி ஃபைலாக வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் கொட்டிவிட்டு எது யாருடைய பணம் என்று தெரியாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. பயணத்துக்கு ஒன்று, வீடு கட்ட ஒன்று, படிப்புச் செலவுக்கு ஒன்று என்று ஃபைல்களை அடுக்கிவிட்டு எதுவும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போகாமல் கைவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டையும் தவிர்க்க வழி இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தாருங்கள்.

செலவு எதற்காக என்பதை வைத்து ஏட்டைப் பிரிக்கக் கூடாது. பணம் யாருடையது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ‘இந்தப் பணத்துக்கு நான் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை மாறினால் ஏடும் மாற வேண்டும். சங்கத்தின் பணத்துக்கு உறுப்பினர்களிடமும், பெற்றோரின் பணத்துக்கு அவர்களிடமும் உடன்பிறந்தவர்களிடமும், தொழிலின் பணத்துக்கு வரித்துறையிடமோ பங்காளியிடமோ பதில் சொல்ல வேண்டும். இவை தனி ஏடுகள். கணக்காண்டு வேறு மாதத்தில் தொடங்குகிறது, அல்லது அடிப்படை நாணயமே வேறு என்றாலும் தனி ஏடு நல்லது. தணிக்கையாளரிடம் ஃபைலை அப்படியே கொடுக்க வேண்டியிருந்தாலும் அப்படித்தான். நம் வீட்டுச் செலவு அதற்குள் கிடக்கக் கூடாது.

பயணமும் வீடு கட்டுவதும் படிப்பும் அப்படியல்ல. பணம் நம்முடையது, காரணம்தான் வேறு. அவற்றுக்கு அதே ஏட்டில் ஒரு துணைக் கணக்கு போதும்: செலவு என்ற தலைப்பின் கீழ் ‘வீடு கட்டுதல்’, அதன் கீழ் ‘கூலி’, ‘பொருள்’, ‘அனுமதிக் கட்டணம்’. குவிக்கன், கேமைமணி, ஹோம்பேங்க் போன்ற கணக்கு எழுதும் மென்பொருள்களில் டேக் வைக்கும் வசதியும் உண்டு. சாப்பாடு என்ற வகை அப்படியே இருக்க, அதன்மேல் ‘பயணம்’ என்று ஒரு டேக் ஒட்டினால் இரண்டு கோணத்திலும் ரிப்போர்ட் எடுக்கலாம். இதற்குத் தனி ஃபைல் தொடங்கினால் என்ன ஆகும்? பயணச் செலவும் அதே பேங்க் கணக்கிலிருந்துதான் போகிறது. அந்த பேங்க் கணக்கை எந்த ஃபைலில் வைப்பீர்கள்? இரண்டிலும் வைத்தால் இரண்டிலுமே இருப்பு தப்பாக இருக்கும். ஒன்றில் மட்டும் வைத்தால் மற்றதில் காற்றிலிருந்து பணம் வர வேண்டும்.

இதிலிருந்துதான் அடுத்த விதி. இதை மீறவே கூடாது: ஒரு பேங்க் கணக்கு, ஒரு கிரெடிட் கார்டு, ஒரு கடன் என்பது ஒரே ஓர் ஏட்டில்தான் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டின் கடைசி இருப்பை ஏட்டின் இருப்போடு ஒத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். ஸ்டேட்மென்ட்டில் உள்ள பதிவுகளில் பாதி ஓர் ஏட்டிலும் மீதி இன்னோர் ஏட்டிலும் இருந்தால் எதையும் ஒத்துப் பார்க்க முடியாது. பேங்கிலிருந்து ஃபைலை இறக்கி இம்போர்ட் செய்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பேங்குகள் இதற்காகத் தரும் ஓஎஃப்எக்ஸ் வகை ஃபைலில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஓர் அடையாள எண் வரும். ஒரே பதிவு இரண்டாவது முறை வந்தால் மென்பொருள் அதை வைத்துத்தான் கண்டுபிடித்துத் தள்ளுகிறது. அந்தச் சோதனை திறந்திருக்கும் ஏட்டுக்குள் மட்டுமே நடக்கும். அதே ஃபைலை இன்னோர் ஏட்டில் இறக்கினால் ஒரு எச்சரிக்கையும் வராது, எல்லாப் பதிவுகளும் புதிதுபோல உட்கார்ந்துகொள்ளும்.

கையில் இருக்கும் ரொக்கத்துக்கும் இதே விதிதான். சங்கத்துக்குத் தனிப் பெட்டியோ தனிக் கவரோ இருந்தால் அந்த ரொக்கம் சங்கத்தின் ஏட்டில். ஒரே பர்ஸில் இரண்டு பணமும் கலந்திருந்தால் அந்த பர்ஸ் முழுவதும் உங்கள் ஏட்டைச் சேர்ந்தது. அதற்குள் இருக்கும் சங்கத்தின் பணம் நீங்கள் சங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி. அப்படிக் கலக்காமல் இருப்பதே மேல்.

ஏடுகளைப் பிரித்தாலும் வாழ்க்கை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. தொழிலுக்கான பொருளைச் சொந்தக் கார்டில் வாங்குவோம், தொழில் கணக்கிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுப்போம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஏடுகள் கெட்டுப்போகின்றன. இதற்கு மருந்து ஜோடிக் கணக்கு. சொந்த ஏட்டில் ‘தொழிலிடம் வர வேண்டியது’ என்று சொத்து வகையில் ஒரு கணக்கு. தொழில் ஏட்டில் ‘உரிமையாளருக்குத் தர வேண்டியது’ என்று பொறுப்பு வகையில் ஒரு கணக்கு. இரண்டுக்கும் ஒரே குறியீட்டு எண், 1900 என்று வைத்துக்கொள்வோம், கொடுத்துவிட்டால் தேடுவது எளிது. ஒன்றில் எவ்வளவு இருக்கிறதோ மற்றதிலும் அதே தொகை இருக்க வேண்டும். ஒன்றில் பற்று (டெபிட்), மற்றதில் வரவு (கிரெடிட்). இங்கே வரவு என்றால் வருமானம் என்று பொருளல்ல: சொத்து கூடினாலோ செலவு வந்தாலோ பற்று, சொத்து குறைந்தாலோ கடன் கூடினாலோ வரவு.

ஒரு பில்லை எடுத்துக்கொண்டு நடத்திப் பார்ப்போம். சொந்தக் கிரெடிட் கார்டில் 3,600-க்குப் பொருள் வாங்கியாயிற்று. அதில் 2,400 தொழிலுக்கு, 1,200 வீட்டுக்கு. சொந்த ஏட்டில் ஒரே பதிவு, மூன்று வரி: கிரெடிட் கார்டு 3,600 வரவு; வீட்டுச் செலவு 1,200 பற்று; தொழிலிடம் வர வேண்டியது 2,400 பற்று. தொழில் ஏட்டில் இரண்டு வரி: பொருள் செலவு 2,400 பற்று, உரிமையாளருக்குத் தர வேண்டியது 2,400 வரவு. இரண்டு பதிவுகளுக்கும் ஒரே தேதி, எண் பகுதியில் ஒரே குறிப்பு எண், ‘மா-14’ என்பதுபோல. மாதக் கடைசியில் தொழில் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும்போது தொழில் ஏட்டில் பேங்க் வரவு, உரிமையாளருக்குத் தர வேண்டியது பற்று. சொந்த ஏட்டில் பேங்க் பற்று, தொழிலிடம் வர வேண்டியது வரவு. ஜோடிக் கணக்கு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 2,400 சொந்த ஏட்டில் எந்த இடத்திலும் செலவாக வரவில்லை என்பது. செலவு தொழிலுடையது, உங்களுடையது கைமாற்று மட்டும். கார்டில் போனதால் அது செலவுதான் என்று சொந்த ஏட்டிலும் எழுதினால் ஒரே பணம் இரண்டு இடத்தில் செலவாகும். பிறகு தொழில் பணத்தைத் திருப்பித் தரும்போது அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் வருமானம் என்று எழுதுவார்கள். வருமானமும் பொய், செலவும் பொய். நிகரத் தொகை தற்செயலாகச் சரியாக வருவதால் இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும்.

இதைவிடக் கெடுதலான ஒன்று: தொழிலுக்கு 10,000 போட்டதைச் சொந்த ஏட்டில் செலவு என்றும், தொழில் ஏட்டில் வருமானம் என்றும் எழுதுவது. தொழில் லாபத்தில் ஓடுவதுபோலத் தெரியும். உண்மையில் அது உங்கள் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கும். உரிமையாளர் போடும் பணம் எந்நாளும் வருமானம் ஆகாது. திரும்பி வரும் என்று கொடுத்தால் கடன், தொழிலிலேயே தங்கட்டும் என்று கொடுத்தால் மூலதனம், வீட்டுக்கு எடுத்தால் எடுப்பு. மூன்றுக்கும் தொழில் ஏட்டில் தனிக் கணக்கு வையுங்கள். சொந்த ஏட்டில் அவற்றின் ஜோடி ‘தொழிலில் போட்ட மூலதனம்’ என்ற சொத்தும், மேலே சொன்ன ‘வர வேண்டியது’ம். சங்கம், அறக்கட்டளை என்றால் மூலதனம், எடுப்பு என்ற பேச்சே இல்லை. அங்கே உங்களுக்கும் அதற்கும் இடையே இருக்கக்கூடியது கைமாற்று ஒன்றுதான், அதையும் மாதத்துக்குள் நேர் செய்துவிட வேண்டும். மனமுவந்து கொடுத்தது மட்டும் உங்களுக்குச் செலவு, சங்கத்துக்கு நன்கொடை வருமானம்.

பல ஏடுகள் என்றதும் மறைப்பதற்கான வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ஒரே கொடுக்கல் வாங்கலுக்கு ஒருவருக்குக் காட்ட ஒன்று, தனக்கு ஒன்று என்று எழுதுவது மோசடி. இங்கே சொல்வது அதற்கு நேர் எதிரானது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அது யாருடையதோ அவருடைய ஏட்டில் ஒரே ஒரு தடவை செலவாகவோ வருமானமாகவோ வருகிறது. ஏடுகளுக்கு இடையே பணம் கடந்தால் அதன் சுவடு இரண்டு பக்கமும் இருக்கிறது.

மாதக் கடைசியில் முதல் வேலை பேங்க் ஸ்டேட்மென்ட்களை ஒத்துப் பார்ப்பது. அது முடிந்த பிறகே ஜோடிக் கணக்குகளைப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் இல்லாத பிழையைத் தேடி நேரம் போகும். ஜோடி ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத் தொகையே வழி சொல்லும். அந்தத் தொகை அப்படியே ஒரு பதிவாக ஓர் ஏட்டில் இருந்தால் மற்ற ஏட்டில் அதை எழுத விட்டுப்போயிருக்கிறது. இரண்டால் வகுத்த தொகைக்கு ஒரு பதிவு இருந்தால் அதில் பற்றும் வரவும் இடம் மாறியிருக்கிறது: ஒன்றில் 18,400, மற்றதில் 12,400 என்றால் வித்தியாசம் 6,000, அப்போது 3,000-க்கான பதிவைத் தேடுங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. 5,400-ஐ 4,500 என்று அடித்தால் வித்தியாசம் 900. இவை எதுவும் இல்லை, மாதத்தின் கடைசி நாளில் அனுப்பிய பணம் மறு பேங்கில் அடுத்த மாதம் முதல் தேதிதான் ஏறியது என்றால் அது பிழையே அல்ல. அனுப்பிய தேதியையே இரண்டு ஏட்டிலும் போட்டு, பெறும் பக்கத்தில் பேங்குக்குப் பதிலாக ‘வழியில் உள்ள பணம்’ என்ற கணக்கில் வைத்து, ஏறிய அன்று அங்கிருந்து பேங்குக்கு மாற்றினால் போதும்.

இனி மென்பொருளின் பக்கம். க்னூகேஷ், கேமைமணி, ஹோம்பேங்க் எல்லாவற்றிலும் ஒரு ஃபைல் என்றால் ஓர் ஏடு. இங்கே க்னூகேஷை வைத்தே சொல்கிறோம். மற்றவற்றிலும் சிக்கல்கள் ஏறக்குறைய இதே இடங்களில்தான்.

அடிக்கடி நடப்பது தப்பான ஏட்டில் எழுதுவது. மென்பொருளைத் திறந்ததும் கடைசியாக எந்த ஃபைலில் வேலை செய்தோமோ அது தானாகத் திறந்துகொள்ளும். நேற்று சங்கக் கணக்கைப் பார்த்துவிட்டு மூடியவர் இன்று திறந்ததும் வீட்டுச் செலவை அதில் எழுதிவிடுவார். கணக்குத் தலைப்புகள் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் உறைக்கவே உறைக்காது. இதைத் தடுக்க, மென்பொருளின் ஐகானை விட்டுவிட்டு ஏட்டுக்கு ஒன்றாக ஷார்ட்கட் வைத்து அதைச் சொடுக்கித் திறக்கப் பழகுங்கள். எந்த ஃபைலும் திறக்காமல் தொடங்கும் வசதியும் க்னூகேஷில் உண்டு. கணக்குகளுக்கு நிறம் கொடுக்கலாம். சங்க ஏட்டின் கணக்குகளுக்கெல்லாம் ஒரே நிறம் கொடுத்துவிட்டால் டேப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தலைப்புகளிலும் வித்தியாசம் வையுங்கள். எல்லா ஏட்டிலும் ‘பேங்க்’ என்று வைக்காமல் ‘சங்கம் – பேங்க்’, ‘வீடு – பேங்க்’ என்று வைத்தால் ரிப்போர்ட்டை அச்செடுத்த பிறகும் குழப்பம் வராது.

அடுத்தது ‘சேவ் அஸ்’. இருக்கும் ஏட்டை வேறு பெயரில் காப்பி எடுக்க இதைச் சொடுக்குகிறார்கள். சொடுக்கியதும் திரையில் இருப்பது புதிய ஃபைல், பழையது மூடப்பட்டுவிட்டது. அது தெரியாமல் தொடர்ந்து எழுதினால் அன்றைய பதிவுகள் எல்லாம் காப்பியில் போய்ச் சேரும், அடுத்த வாரம் அசல் ஏட்டைத் திறந்தால் அவற்றைக் காணோம். காப்பி எடுப்பதாக இருந்தால் மென்பொருளை மூடிவிட்டு, ஃபோல்டரில் போய் ஃபைலைக் காப்பி செய்வதே பத்திரம். மாதாமாதம் தானாக விழும்படி அமைத்த பதிவுகளும் அந்தக் காப்பியோடு கூடவே போகும் என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய காப்பியை ஆறு மாதம் கழித்துத் திறந்தால், கடைசியாக ஓடியதிலிருந்து விட்டுப்போன வாடகை, தவணை எல்லாவற்றையும் வரிசையாகப் போட அது தயாராக இருக்கும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் ‘ரீட் ஒன்லி’யாகத் திறக்க வேண்டும், அல்லது காப்பியில் அந்தப் பதிவு அமைப்புகளை நீக்கிவிட வேண்டும்.

எதை ஏடு சுமக்கிறது, எதைக் கம்ப்யூட்டரில் உள்ள உங்கள் யூசர் கணக்கு சுமக்கிறது என்று பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். கணக்குத் தலைப்புகள், பதிவுகள், விலைப் பட்டியல், தானியங்கிப் பதிவுகள், பட்ஜெட், இம்போர்ட்டின்போது எந்தக் கடையை எந்தத் தலைப்பில் போடுவது என்று மென்பொருள் பழகிக்கொண்டது ஆகிய எல்லாம் ஏட்டுக்குள் இருக்கின்றன. அதனால்தான் புதிய ஏடு தொடங்கினால் இம்போர்ட் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறது. சேமித்து வைத்த ரிப்போர்ட் வடிவங்களும் கணக்காண்டின் தொடக்க, முடிவுத் தேதிகளும் ஏட்டுக்கு வெளியே இருக்கின்றன. வீட்டு ஏட்டுக்காகச் செய்து வைத்த ரிப்போர்ட், சங்க ஏட்டைத் திறந்தாலும் மெனுவில் நிற்கும். ஆனால் அது தேடும் கணக்குகள் அங்கே இல்லாததால் உருப்படியாக எதுவும் காட்டாது. ரிப்போர்ட்டுக்குப் பெயர் வைக்கும்போதே ஏட்டின் பெயரையும் சேர்த்து வையுங்கள். கணக்காண்டு வேறுபடும் ஏடுகள் இருந்தால், ‘கணக்காண்டின் தொடக்கம்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் தேதிகளை நேரடியாகக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓர் ஏட்டுக்காக மாற்றிய தேதி மற்ற ஏட்டின் ரிப்போர்ட்டையும் மாற்றிவிடும்.

ஒரே ஏட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறப்பதை க்னூகேஷ் ஏற்பதில்லை. டேட்டாபேஸில் சேமித்தாலும் இதே கட்டுப்பாடுதான். டேட்டாபேஸாக இல்லாமல் இயல்பான வடிவில் சேமித்தால், திறந்திருக்கும் ஏட்டின் பக்கத்தில் எல்சிகே என்று முடியும் ஒரு பூட்டு ஃபைல் உண்டாகும். அது இருக்கும்போது இன்னொருவர் திறந்தால் எச்சரிக்கை வரும். மின்சாரம் போய்க் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டாலும் இந்தப் பூட்டு மிஞ்சிக் கிடக்கும். வேறு யாரும் திறந்திருக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ‘எப்படியும் திற’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சங்கத்தின் ஏட்டை இணையச் சேமிப்பகத்தில் போட்டுவிட்டுப் பொருளாளரும் செயலாளரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் திறப்பது பெரிய ஆபத்து. பூட்டு ஃபைல் மறு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அவர் திறந்துவிட முடியும்; பிறகு ‘முரண்பட்ட காப்பி’ என்று இரண்டு ஃபைல் நிற்கும். இரண்டு ஏடுகளைத் தானாக ஒன்றாக்கும் பொத்தான் க்னூகேஷில் கிடையாது. எழுதுவது ஒருவர் மட்டும், மற்றவருக்குப் பிடிஎஃப் ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அந்தப் பொத்தான் இல்லாததை மனதில் வைத்துத்தான் ஏட்டைப் பிரிப்பது பற்றியும் முடிவெடுக்க வேண்டும். ஒரே ஏட்டில் இருப்பதைப் பின்னால் பிரிப்பது ஒரு நாள் வேலை. பிரித்து ஆண்டுக்கணக்கில் ஓடியதை ஒன்றாக்குவது, எக்ஸெல் போன்றவற்றில் திறக்கும் சிஎஸ்வி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, தலைப்புகளைப் பொருத்தி, இரட்டிப்புகளை நீக்கி முடியாத வேலை. உரிமை தெளிவாக வேறுபடாத எந்த இடத்திலும் ஒரே ஏடாக இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு மாத முடிவைத் தேர்ந்தெடுங்கள்; கணக்காண்டின் முடிவாக இருந்தால் மிக நல்லது. அந்தத் தேதிவரை எல்லா பேங்க் கணக்குகளையும் ஒத்துப் பார்த்துவிட்டு, ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) அச்செடுத்து வையுங்கள். பழைய ஏட்டை அப்படியே ஒரு காப்பி எடுத்து ஒதுக்குங்கள். பிறகு ‘எக்ஸ்போர்ட் அக்கவுண்ட்ஸ்’ மூலம் பதிவுகள் இல்லாமல் கணக்குத் தலைப்புகளை மட்டும் புதிய ஃபைலாக எடுத்து, அதில் வேண்டாதவற்றை நீக்குங்கள். புதிய ஏட்டில் அடுத்த நாள் தேதியிட்டுத் தொடக்க இருப்பு: சொத்துகளெல்லாம் பற்று, பொறுப்புகளெல்லாம் வரவு, வித்தியாசம் தொடக்க மூலதனத்தில். பழைய ஏட்டில் அதே தேதியில், பிரிந்துபோகும் ஒவ்வொரு சொத்தையும் பொறுப்பையும் மூலதன வகையில் ‘புதிய ஏட்டுக்கு மாற்றியது’ என்ற கணக்குக்கு எதிராக எழுதிப் பூஜ்யமாக்குங்கள். தொழிலைப் பிரிப்பதாக இருந்தால் பழைய ஏட்டில் அது மூலதனத்துக்குப் போகாமல் ‘தொழிலில் போட்ட மூலதனம்’ என்ற சொத்தாக நிற்க வேண்டும். தொழில் இன்னும் உங்களுடையதுதானே. பழைய பதிவுகளை அழிக்க மட்டும் அழிக்காதீர்கள். ஒத்துப் பார்த்து முடித்த பதிவை நீக்கினால், அதன் மறுபக்கம் இருந்த பேங்க் கணக்கின் இருப்பும் சேர்ந்து மாறும்; அடுத்த மாதம் ஸ்டேட்மென்ட்டின் தொடக்க இருப்பே ஒத்துவராது.

தொடக்க இருப்பை ஒரே தொகையாகப் போட்டால் பின்னால் சிக்கல் தரும் இடங்கள் மூன்று. முதலாவது, இன்னும் பேங்கில் பாஸ் ஆகாத செக். ஏட்டில் இருப்பு 48,500, ஸ்டேட்மென்ட்டில் 50,000, வித்தியாசம் 1,500-க்குக் கொடுத்த செக் என்று வைத்துக்கொள்வோம். புதிய ஏட்டில் 48,500 என்று போட்டால் அடுத்த மாதம் அந்தச் செக் ஸ்டேட்மென்ட்டில் வரும்போது டிக் செய்ய எதுவும் இருக்காது. 50,000-ஐத் தொடக்க இருப்பாகவும், 1,500 செக்கைத் தனிப் பதிவாகவும் எழுத வேண்டும். அடுத்தது வர வேண்டிய பாக்கிகள். ஆளுக்கு ஆள், பில்லுக்கு பில் தனியாகவே கொண்டுவர வேண்டும். மொத்தமாகப் போட்டால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று பழைய ஏட்டைத் திறந்து திறந்து பார்க்க வேண்டியிருக்கும். பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டும் இருந்தால் அன்றைய சந்தை மதிப்பில் கொண்டுவரக் கூடாது. எத்தனை யூனிட், என்ன விலைக்கு, எந்தத் தேதியில் வாங்கியது என்று ஒவ்வொரு கொள்முதலாக எழுத வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் விற்கும்போது லாபம் எவ்வளவு என்பது பொய்யாக வரும், வரிக் கணக்கும் அதன் பின்னாலேயே கெடும்.

பிரித்து முடித்ததும் இரண்டு ஏட்டிலும் ஐந்தொகை எடுத்து, இரண்டிலும் உள்ள நிகர மதிப்பைக் கூட்டிப் பாருங்கள். ‘தொழிலில் போட்ட மூலதனம்’ போன்ற ஜோடிகளைக் கழித்துவிட்டால், அச்செடுத்து வைத்த பழைய ஐந்தொகையின் நிகர மதிப்பு கடைசி இலக்கம்வரை வர வேண்டும். வராவிட்டால் அன்றே கண்டுபிடித்துவிடுங்கள். புதிய ஏட்டில் பத்துப் பதிவு விழுந்த பிறகு தேடுவது கடினம். ‘இம்பேலன்ஸ்’ என்ற கணக்கு தானாக முளைத்திருந்தால் அது க்னூகேஷ் உண்டாக்கும் அனாமத்துக் கணக்கு. ஏதோ ஒரு பதிவில் பற்றும் வரவும் சமமாக இல்லை. அதற்குள் இருப்பதைக் கண்டுபிடித்து உரிய தலைப்புக்கு மாற்ற வேண்டும்.

குடும்பத்தின் மொத்த நிலையை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான தேவைதான். க்னூகேஷில் ஒரே நேரத்தில் இரண்டு ஏடுகளைச் சேர்த்து ரிப்போர்ட் எடுக்க வழியில்லை. ஒவ்வோர் ஏட்டின் ஐந்தொகையையும் விரிதாளில் எடுத்துப் போட்டு, ஜோடிக் கணக்குகளை ஒன்றுக்கொன்று தள்ளிவிட்டுக் கூட்ட வேண்டும். சங்கத்தின் பணத்தையும் பெற்றோரின் பணத்தையும் அந்தக் கூட்டலில் சேர்க்கவே கூடாது. இந்தத் தேவை அடிக்கடி வருகிறவர்கள் லெட்ஜர், எச்லெட்ஜர் போன்ற எழுத்துக் கோப்பு முறைகளைப் பார்க்கலாம். அவற்றில் ஒவ்வோர் ஏடும் சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொன்றையும் தனியாகவும் ஓட்டலாம், ‘இன்க்ளூட்’ என்ற ஒரு வரியால் எல்லாவற்றையும் உள்ளிழுக்கும் தாய்க் கோப்பு ஒன்றை வைத்துச் சேர்த்தும் ஓட்டலாம். ஏடுகளுக்கு இடையே போகும் பணத்துக்கு எல்லாக் கோப்பிலும் ஒரே பெயருள்ள கணக்கைப் பயன்படுத்தினால், சேர்த்து ஓட்டும்போது அது பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. மாதக் கடைசிச் சோதனை இதிலேயே முடிந்துவிடும். விலை என்னவென்றால் எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டும், கட்டளைகளைப் பழக வேண்டும். எல்லோருக்கும் அது ஒத்துவராது.

தனி ஃபைல் என்பதால் ரகசியமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். க்னூகேஷின் ஃபைலுக்கு பாஸ்வேர்டு கிடையாது. அது சுருக்கி வைக்கப்பட்ட எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பு மட்டும்தான், யாரும் திறந்து படிக்கலாம். பொதுக் கம்ப்யூட்டர் என்றால் ஆளுக்கொரு யூசர் கணக்கு வைத்து, அவரவர் ஃபோல்டரில் ஏட்டை வைப்பதே பாதுகாப்பு. ஏட்டுக்கு ஒரு ஃபோல்டர் வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எக்ஸ்எம்எல்-லில் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் தேதியும் நேரமும் பெயரில் சேர்ந்த பேக்கப் ஃபைலும், மாற்றங்களைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலும் அதே ஃபோல்டரில் குவியும். இயல்பாக 30 நாள் வைத்திருந்துவிட்டு நீக்கும். நான்கு ஏடுகள் ஒரே ஃபோல்டரில் இருந்தால் அந்தக் குவியலில் அசலுக்குப் பதில் பேக்கப்பைச் சொடுக்கித் திறப்பது சுலபமாக நடக்கும். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் வடிவில் சேமித்தால் இந்த பேக்கப் உண்டாவதில்லை, ஒவ்வொரு பதிவும் அந்த நொடியிலேயே சேமிக்கப்படுகிறது. அங்கே பேக்கப் முழுக்க உங்கள் பொறுப்பு. ஃபைலின் பெயரில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். ஏடு ஆண்டுகள் தாண்டி ஓட வேண்டியது; ஆண்டு முடிந்தது என்பதற்காகப் புதிய ஃபைல் தொடங்கினால் முந்தைய ஆண்டோடு ஒப்பிடும் வசதி போய்விடும். ஆண்டை ஒதுக்கி வைக்கும் காப்பியின் பெயரில் சேர்த்துக்கொள்ளலாம்.

சங்கம் கலைகிறது, தொழில் மூடப்படுகிறது, பெற்றோரின் பணம் பங்கிடப்படுகிறது என்றால் அந்த ஏட்டையும் முறையாக மூட வேண்டும். கடைசி ஸ்டேட்மென்ட்டை ஒத்துப் பாருங்கள். ஜோடிக் கணக்குகளை இரண்டு ஏட்டிலும் ஒரே நாளில் நேர் செய்யுங்கள். ‘குளோஸ் புக்’ மூலம் வருமான, செலவுக் கணக்குகளை மூலதனத்துக்கு மாற்றுங்கள். சொத்தும் பொறுப்பும் பூஜ்யமான ஐந்தொகையையும், முழுப் பேரேட்டையும் பிடிஎஃப்-ஆக எடுங்கள். பதிவுகளைச் சிஎஸ்வி-யாகவும் எடுங்கள். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் மணி என்ற மென்பொருளின் விற்பனை 2009-இல் நிறுத்தப்பட்டது. அதன் ஃபைலை மட்டும் வைத்திருந்தவர்கள் பழைய கணக்கைத் திறக்கப் பழைய மென்பொருளையே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடிஎஃப்-உம் சிஎஸ்வி-யும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். மூடிய ஏட்டின் ஃபோல்டரை ‘ரீட் ஒன்லி’ ஆக்கி, இரண்டு வேறு இடங்களில் காப்பி வைத்து, ஒரு காப்பியைத் திறந்து கடைசி இருப்பு சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு அந்த ஏட்டின் ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கணக்கேடு எழுதும் வாசகர்கள்